எல்லாமே 'கசிவு' தானா? பிரஷர் வாஷர் கன் பழுதுக் குறிப்புக்கான சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிரஷர் வாஷர் கன் (அழுத்தத்தில் நீரைப் பீச்சிக் கழுவும் மெஷினின் கைக்கருவி) பற்றி நாம் தமிழில் எழுதும் பழுதுக் குறிப்பின் வரைவைப் படித்தேன். நீர் எங்கிருந்து வந்தாலும் அதில் 'கசிவு' என்றே இருக்கிறது. முனையில் கசிவு, இணைப்பில் கசிவு, கைப்பிடியில் கசிவு. ஆங்கில மூலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கன்னைப் பிரித்துப் பார்த்த பிறகு இதை உறுதியாகவே சொல்கிறேன்.

பைக்கைக் கழுவிவிட்டுக் கன்னைக் கீழே வைத்தேன். விசையை (கன்னில் விரலால் அழுத்தும் பகுதியை) விட்ட பிறகும் முனையில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மோட்டார் தானாக ஓடி ஓடி நின்றது. மெஷினே போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு கன்னுக்குள் இருந்த வால்வில். விசையை விட்டதும் ஒரு சின்ன உருண்டையை ஸ்பிரிங் தள்ளி, துளையின் வாயில் உட்காரவைத்து அடைக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் நீரின் அழுத்தமும் அதை இறுக்கிப் பிடிக்கும். என் கன்னில் அந்த வாயின் விளிம்பில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தது. துகளை எடுத்துவிட்டு நகத்தால் தடவினேன், கீறல் தட்டுப்பட்டது. வழி முழுதாக அடைபடாததால் உள்ளே அழுத்தம் இறங்க, அழுத்த சுவிட்ச் மோட்டாரை மறுபடி மறுபடி ஓடவிட்டிருக்கிறது. 'கசிகிறது' என்று தேடுகிறவர் இந்த இடத்துக்கு வந்து சேரமாட்டார். 'விசையை விட்டும் முனை சொட்டுகிறது' என்று எழுதினால் நேரே வால்வுக்குப் போய்விடுவார்.

குழாயும் கன்னும் சேரும் இடத்தில் ஓ-ரிங் (நீர் வெளியேறாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வெட்டுப்பட்டிருந்தால் நீர் கசியாது, பீறிடும். வீட்டு மெஷினிலேயே 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் இருக்கிறது. விசை தள்ளும் ஊசியின் சீல் (நீரை அடைக்கும் வளையம்) தேய்ந்தால் கைப்பிடி வழியாக ஒழுகி மணிக்கட்டை நனைக்கும். கன்னின் உடலில் மயிரிழை விரிசல் விழுந்து, ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் ஊறி வருகிறதே, அதுதான் கசிவு.

ஆகவே என் முன்மொழிவு: முனைச்சொட்டு, இணைப்புப் பீறல், கைப்பிடி ஒழுகல், உடற்கசிவு.

பீறல் என்ற சொல்லை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கசிவு என்று படிப்பவர் விரலை வைத்துப் பார்ப்பார். அந்த அழுத்தத்தில் வரும் நீர் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

*

தம்பி, வணக்கம்.

நான்கு சொற்களும் எனக்குச் சம்மதம். ஆனால் தலைப்புக்கு ஒரு பொதுச்சொல் வேண்டுமே? எங்கே பழுது என்று தெரியாதவர்தானே குறிப்பையே திறக்கிறார். அங்கே 'நீர்க்கசிவு' இருக்கட்டும்.

அப்புறம், கன் என்பதை அப்படியே விடுவதில் எனக்கு மனமில்லை. துப்பாக்கி என்பதும் பொருந்தாது. பரிபாடலில் வையையில் நீராடுகிறவர்கள் நீர் பீச்சி விளையாட வைத்திருந்த கருவிக்குச் சிவிறி என்று பெயர். கையில் பிடித்து நீர் பீச்சும் கருவிக்கு இவ்வளவு பழைய சொல் நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் எடுக்கக் கூடாது?

*

ஐயா, தலைப்புக்கு நீர்க்கசிவு சரி. வீட்டில் இருப்பவர் முதலில் தேடப்போவதும் அந்தச் சொல்லைத்தான்.

சிவிறி எனக்கும் மிகவும் பிடித்த சொல். தடை இரண்டு: விசிறி எழுத்து இடம் மாறிச் சிவிறி ஆகும் என்று பள்ளி இலக்கணத்தில் படித்தவர்கள் மின்விசிறியை நினைத்துக்கொள்வார்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் போய்ச் சிவிறிக்கு ஓ-ரிங் கேட்டால் கிடைக்காது, கன் ஓ-ரிங் என்றுதான் கேட்க வேண்டும். அதனால் 'நீர்ச்சிவிறி' என்று முன்னொட்டுச் சேர்ப்போம். முதல் இடத்தில் 'கன் என்னும் நீர்ச்சிவிறி' என்று அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு சிவிறி என்றே எழுதலாம்.

இணைப்புப் பகுதியை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன்:

"இணைப்பில் பீறல் இருந்தால் விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள். மோட்டாரை அணைத்து, தண்ணீர்க் குழாயை மூடி, நீர் வருவது நிற்கும்வரை சிவிறியின் விசையை அழுத்திப் பிடியுங்கள். அதன் பிறகே கழற்றுங்கள். பழைய ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, அதே அளவுப் புதியதில் சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவிப் பொருத்துங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் உப்பிவிடும்."

ஓ-ரிங்கை நான் மாற்றவில்லை. கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள், அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். இன்று இரவு வால்வுப் பகுதியை எழுதி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.