பூச்சி மேக்ரோவும் கடற்கரை சூரிய உதயமும், இருக்கற லென்ஸை வெச்சே ரெண்டும் எடுக்கலாமா?

கன்னங்குறிச்சி கதிர்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் சேலம், கன்னங்குறிச்சி பக்கம். கையில கேனான் 1500டி கேமரா, கூட வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250 ஜூம் லென்ஸ் இருக்கு. காலைல மூக்கனேரி கரைக்குப் போனா புல்லுல தட்டான், ஊசித்தட்டான்னு நிறைய உக்காந்திருக்கு, லீவு கெடச்சா ஏற்காடு ஏறிடுவேன், அங்க காப்பித் தோட்டத்து வேலியோரம் உண்ணிச்செடி பூ மேல விதவிதமா வண்டு. ஆனா 250-ல முழுசா ஜூம் பண்ணி எடுத்து க்ராப் பண்ணா கண்ணு எது மூஞ்சி எதுன்னே தெரியல. அடுத்த மாசம் கடலூர்ல சொந்தத்துல ஒரு கல்யாணம், மூணு நாள் அங்க இருப்போம், தேவனாம்பட்டினம் பீச்சுல சூரிய உதயம் எடுக்கணும், ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சு அலையெல்லாம் புகை மாதிரி ஆகிடற அந்த லாங் எக்ஸ்போஷர் படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை. சின்னதை ரொம்பக் கிட்டப் போய் பெருசா எடுக்கற மேக்ரோ லென்ஸ் வாங்கற வசதி இப்போதைக்கு இல்லீங்க, மொத்தமா பத்தாயிரத்துக்குள்ள முடிக்கணும். எதை முதல்ல வாங்கறது, செட்டிங்ஸ் என்ன வெக்கறது, பெரியவங்க சொல்லுங்க.

நாகலூர்க்காரன்:

தம்பி, உங்ககிட்ட 55-250 இருக்கறதே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அது முன்னாடி மாட்டற க்ளோஸ்-அப் லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, ரேனாக்ஸ் 250ன்னு கேட்டீங்கன்னா கிடைக்கும், பவர் 8 டயாப்டர், க்ளிப் மாதிரி அழுத்தி மாட்டறது. கணக்கு ரொம்ப சிம்பிள், 8 டயாப்டர்னா அதோட ஃபோகல் லெங்த் 125 எம்எம், உங்க லென்ஸை இன்ஃபினிட்டில வெச்சு 125 கிட்ட ஜூம் பண்ணா 1:1, அதாவது பூச்சி அதோட நிஜ அளவுலயே சென்சார்ல விழும், முழுசா 250 வரைக்கும் போனா 2:1, ரெண்டு மடங்கு. 1:1-ல 22 எம்எம் நீளமுள்ள பூச்சி உங்க ஃப்ரேமை அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வரைக்கும் நிரப்பிடும், 2:1 போனா ஒரு செவ்வெறும்பே போதும். ரிவர்ஸ் ரிங் விலை கம்மின்னு யாராவது சொல்வாங்க, ஆனா கேனான் லென்ஸைத் திருப்பி மாட்டினா பாடில இருந்து அதுக்கு கரண்ட் போகாது, அப்பர்ச்சர், அதான் லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற ஓட்டை, திறந்தபடியே நின்னுடும், ஆரம்பத்துலயே அந்தத் தொல்லை வேண்டாம்.

ஆட்டோஃபோகஸை மறந்துடுங்க. மேனுவல்ல போட்டு, ஃபோகஸ் ரிங்கைத் தொடாம நீங்களே முன்னாடி பின்னாடி அசைஞ்சு கண்ணு ஷார்ப் ஆகற நேரத்துல அழுத்தணும். 1:1-ல அப்பர்ச்சரைச் சின்னதாக்கி எஃப் 11 வெச்சாலும் ஷார்ப்பா வர்ற ஆழம் அரை மில்லிமீட்டருக்குள்ள தான், நீங்க மூச்சு விட்டாலே ஃபோகஸ் போயிடும். அதனால பூச்சி உக்காந்திருக்கற குச்சியை இடது கை விரலால மெதுவா பிடிச்சுக்கிட்டு அதே கை மேல லென்ஸை வெச்சிடுங்க, குச்சி ஆடினா கேமராவும் சேர்ந்து ஆடும், தூரம் மாறாது. இது ஒண்ணைப் பழகிட்டாலே பாதிக்கு மேல படம் தேறிடும்.

அடுத்தது வெளிச்சம், நான் லென்ஸை விட இதுக்குத்தான் அதிக மரியாதை குடுப்பேன். எஃப் 11, ஷட்டர் 1/200 செகண்ட், ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணர்ற அளவு) 200ன்னு வெச்சா தோட்டத்து நிழல்ல படம் கருப்பாதான் வரும், அதனால ஒரு ஃபிளாஷ் வேணும், பவரை 1/8 இல்ல 1/16-ல வெச்சா அந்த வெளிச்சம் அடிச்சு மறையற நேரம் ரொம்ப ரொம்பக் குறைவு, கை நடுக்கமெல்லாம் படத்துல தெரியாது. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உங்க கேமரா தலையில ஃபிளாஷ் மாட்டற ஹாட் ஷூ இருக்குல்ல, அதுல நடுவுல வட்டமா ஒரு பின் இருக்கான்னு பாத்துடுங்க. கேனான் சில சின்ன மாடல்கள்ல அதை எடுத்துட்டாங்க, அது இல்லன்னா விலை கம்மியான சாதா மேனுவல் ஃபிளாஷ் எரியவே எரியாது, கேனானுக்குன்னே வர்ற, கேமராவே வெளிச்சத்தை அளந்து குடுக்கற டிடிஎல் ஃபிளாஷ்தான் வாங்கியாகணும். வெளிச்சத்தைப் பரப்பி விடற டிஃப்யூசர் காசு குடுத்து வாங்காதீங்க, டிவி பெட்டிக்குள்ள சுத்தி வர்ற வெள்ளை ஃபோம் ஷீட் ரெண்டு மடிப்பு போதும், லென்ஸ் முனைக்கு மேல கூரை மாதிரி வளைஞ்சு பூச்சிக்கு எவ்வளவு கிட்ட வருதோ அவ்வளவு நல்லது. வண்டோட முதுகு பளபளன்னு இருக்கும், வெளிச்சம் எந்த வடிவத்துல இருக்கோ அது அப்படியே அதுல தெரியும், சின்ன டிஃப்யூசர்னா நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு எரிஞ்சு போய் நிக்கும், பெருசா வெச்சா அந்த ஓட்டுல இருக்கற புள்ளி குழியெல்லாம் எண்ணலாம்.

உப்புக்காத்து:

நான் சேலத்துல பொறந்து இப்ப கடலூர்ல இருக்கேன், கடல் பக்கம் மட்டும் நான் சொல்றேன். உங்க 18-55, 55-250 ரெண்டுக்கும் ஃபில்டர் சைஸ் 58 தான், அதனால ஒரே ஃபில்டர் ரெண்டுக்கும் ஆகும். அலையைப் புகை மாதிரி ஆக்க வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் வேணும், ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும், எல்லாரும் 10 ஸ்டாப் என்டி வாங்கச் சொல்வாங்க, நான் 6 ஸ்டாப் தான் வாங்கச் சொல்வேன். நம்ம கடற்கரை கிழக்கு பாத்தது, சூரியன் நேரா மூஞ்சிக்கு முன்னாடி கடல்ல இருந்து எழும்பும், அதுக்கு முன்னாடி இருக்கற அரை மணி நேரம் தான் கலரு, அப்ப ஏற்கனவே வெளிச்சம் கம்மி. கேமராவோட லைட் மீட்டர் 1/30 செகண்ட் காட்டுதுன்னு வெச்சுக்கங்க, 6 ஸ்டாப் போட்டா ரெண்டு செகண்ட், 10 ஸ்டாப் போட்டா முப்பது செகண்டைத் தாண்டிடும். முப்பது செகண்டுல அலை இருந்த அடையாளமே இல்லாம வெறும் மூட்டமா ஆகிடும், பாறை நிறைய இருக்கற மகாபலிபுரம், கன்னியாகுமரின்னா அது அழகு, தேவனாம்பட்டினம் மாதிரி வெறும் மணல்ல அது எடுபடாது. அங்க அலை திரும்பிப் போகும்போது மணல் மேல வெள்ளைக் கோடு கோடா இழுக்கும் பாருங்க, அது வேணும்னா அரை செகண்டுல இருந்து ரெண்டு செகண்ட் வரைக்கும். அலை உடைஞ்சு மேல ஏறி ஒரு நொடி நின்னு இறங்க ஆரம்பிக்கும்ல, அந்த இறக்கத்துல ஷட்டர் விடணும், ஏறும்போது விட்டா வெறும் வெள்ளைத் திட்டுதான் வரும்.

18 எம்எம், எஃப் 11 வெச்சு ஒன்றரை மீட்டர் தள்ளி ஃபோகஸ் பண்ணிட்டு மேனுவலுக்கு மாத்திடுங்க, முக்கால் மீட்டர்ல இருந்து அடிவானம் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும். கால்கிட்ட ஒரு சங்கோ கயிறோ படகு நிழலோ இல்லாம வெறும் கடலையும் வானத்தையும் எடுத்தா பாக்கறவங்க கண்ணு எங்கயும் நிக்காது. ட்ரைபாடை ஈர மணல்ல நல்லா அழுத்தி ஊனுங்க, ஒவ்வொரு அலைக்கும் காலுக்கடியில மணல் அரிச்சு அது மெல்ல இறங்கும், நாலு படத்துக்கு ஒரு தரம் அடிவானம் நேரா இருக்கான்னு பாக்கணும். லென்ஸ்ல ஐஎஸ் (கை ஆட்டத்தைக் குறைக்கற வசதி) ஆஃப், ரெண்டு செகண்ட் டைமர். கண்ணு வெச்சுப் பாக்கற ஓட்டையை மூடிடுங்க, கேமரா வாரோடயே வர்ற சின்ன ரப்பர் மூடி அதுக்குத்தான், இல்லன்னா பின்னாடி வெளிச்சம் உள்ள பூந்துடும். உப்புத் தண்ணி சாரல் ஃபில்டர்ல படிஞ்சுகிட்டே இருக்கும், ரெண்டு துணி வேணும், ஒண்ணு ஈரத்துக்கு ஒண்ணு காய்ஞ்சதுக்கு. வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் காலை முழுசா இழுத்து நல்ல தண்ணில அலசிடுங்க, பூட்டுக்குள்ள உப்பும் மணலும் நின்னா அப்புறம் திறக்க வராது.

கன்னங்குறிச்சி கதிர்:

ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி, பின் இருக்கான்னு இப்பவே பாத்தேன், இல்லீங்க. அப்ப டிடிஎல் ஃபிளாஷ் தான் பாக்கணும் போல, பட்ஜெட் இடிக்குது. ஃபிளாஷ் இல்லாம மேக்ரோ ஆகவே ஆகாதா? அப்புறம் யூடியூப்ல எல்லாம் பூச்சியை ஃப்ரிட்ஜ்ல வெச்சு அசையாம பண்ணி, ஃபோகஸ் மாத்தி மாத்தி எடுத்த பல படத்தை ஒண்ணாச் சேக்கற ஃபோகஸ் ஸ்டாக்கிங் எடுக்கறாங்க, அது தேவையா?

சில்வர் ஓக்:

ஃபிளாஷ் இல்லாமலும் ஆகும்ங்க, நாகலூர்க்காரர் சொன்னதுல எனக்கு அது ஒண்ணுல தான் வேற அபிப்பிராயம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், விடியக்காலைல நல்லா குளிரும், பூச்சிக்கு சொந்தமா உடம்புச் சூடு கிடையாது, வெயில் ஏறற வரைக்கும் அசைய முடியாம பனித்துளியோட அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். நீங்க எப்படியும் கடலுக்கு ஒரு ட்ரைபாட் வாங்கத்தான் போறீங்க, அதையே இங்க கொண்டாங்க, காத்து நின்ன நேரத்துல 1/4 செகண்ட் கூட குடுக்கலாம், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஃபிளாஷே வேண்டாம், பின்னாடி பச்சை அப்படியே மெத்துன்னு வரும். ஊசித்தட்டானைப் பக்கவாட்டுல இருந்து, சென்சாருக்கு நேரா அதோட உடம்பு முழுக்க வர்ற மாதிரி எடுத்தா ஸ்டாக்கிங் இல்லாமலே தலையில இருந்து வால் வரைக்கும் ஷார்ப் கிடைக்கும். நேர் முகமா எடுத்தா தான் ஸ்டாக்கிங் வேணும், அதுவும் இந்தக் குளிர் நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பத்து பதினஞ்சு ஃப்ரேம் எடுத்துடலாம். முன்னங்காலால கண்ணுல இருக்கற பனியைத் துடைக்க ஆரம்பிச்சா அது முழிச்சிடுச்சுன்னு அர்த்தம், பெரிய தட்டான்னா றெக்கையை நடுக்கும், உடம்பைச் சூடு பண்ணிக்குது, கொஞ்ச நேரத்துல பறந்துடும், அதுக்குள்ள முடிச்சுடுங்க.

ஒரு விஷயம், சேலத்து சூட்டுல இருந்து மேல வரும்போது பிரச்னை இல்ல, குளிர்ல இருந்த கேமராவோட கீழ இறங்கினா தான் லென்ஸ் முழுக்க ஆவி பிடிக்கும், கடலூர்ல ஏசி ரூம்ல இருந்து நேரா பீச்சுக்குப் போனாலும் அதே கதை. ஜிப் கவர்ல போட்டு மூடி வெச்சு அரை மணி நேரம் கழிச்சு திறங்க. பையில சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, மழைக்காலத்துல இந்த மலையில லென்ஸுக்குள்ள பூஞ்சை வர்றது சகஜம்.

நாகலூர்க்காரன்:

சில்வர் ஓக் சொல்றது விடிகாலைக்கு நூத்துக்கு நூறு சரி, நான் சொன்னது பகல்ல ஓடற எறும்பு, குதிக்கற சிலந்திக்கு. கதிர் தம்பி, அப்ப வரிசை மாத்திக்கலாம், முதல்ல க்ளோஸ்-அப் லென்ஸும் ட்ரைபாடும், மீதிக்கு 58 சைஸ்ல 6 ஸ்டாப் என்டி, ஃபிளாஷ் பின்னாடி பாத்துக்கலாம். ட்ரைபாட் வாங்கும்போது நடுத்தண்டு இல்லாம கால் மூணையும் அகட்டி தரையோட படியற மாதிரி பாத்து எடுங்க, பூச்சிக்கும் அதுதான் வேணும், கடல்ல காத்தடிக்கும்போதும் அதுதான் நிக்கும்.

ஃப்ரிட்ஜ் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது செத்தும் போகும், அப்படியே பொழைச்சாலும் காலை மடக்கிக்கிட்டு உக்காந்திருக்கற விதத்துலயே தெரிஞ்சுடும், பூச்சி தெரிஞ்சவங்க பாத்த உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. தோட்டத்துக்குள்ள போறதா இருந்தா காவலுக்கு இருக்கறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, காப்பிக் கொப்பை வளைச்சு எடுக்காதீங்க, காய் பிடிச்சிருக்கற நேரத்துல உதிர்ந்துடும்.

என்டி வந்ததும் கடலூர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏற்காடு பகோடா பாயிண்ட்ல காலைல பள்ளத்தாக்குல மேகம் நகரும், அதை வெச்சே முப்பது செகண்ட் எக்ஸ்போஷர் பழகலாம், மழை பெஞ்ச வாரத்துல கிளியூர் அருவி இருக்கு, தண்ணி இழுக்கற அரை செகண்ட் கணக்கு அங்கயே கைக்கு வந்துடும்.

கன்னங்குறிச்சி கதிர்:

சரிங்ணா, ட்ரைபாடும் க்ளோஸ்-அப் லென்ஸும் இந்த வாரமே வாங்கிடறேன். 18-55-ல நான் ஃபோகஸ் பண்ணா முன் கண்ணாடியும் சேர்ந்து சுத்துது, என்டிக்கு அது பிரச்னை ஆகுமா?

உப்புக்காத்து:

ஒரே அளவா இருட்டடிக்கற சாதா என்டிக்கு ஒண்ணும் ஆகாது, சுத்தினாலும் அதே இருட்டு தான். பிரதிபலிப்பைக் குறைக்கற போலரைசர் ஃபில்டர் மாட்டினா தான் முதல்ல ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் ஃபில்டரைத் திருப்பணும். விலை கம்மின்னு திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டற வேரியபிள் என்டி மட்டும் எடுத்துடாதீங்க, 18 எம்எம்ல முழுசா திருப்பினா வானத்துல குறுக்கால கருப்பா ஒரு பெருக்கல் குறி விழும்.