எக்ஸ்பல்ஸா, செரோவா, பாஜாவா? திருகோணமலை றோட்டுக்கும் குளக்கட்டுக்கும் எது சரி?

உப்புவெளி ரைடர்:
வணக்கம் அண்ணமார், ஒரு பைக் எடுக்க உங்கட யோசனை வேணும். கிழமை நாள்ல எனக்கு ஃபீல்ட் வேலை, டவுன்ல இருந்து கிண்ணியா மூதூர், சில நாள் ஈச்சிலம்பற்று வரைக்கும் போகணும், மெயின் றோட்டு கார்பட் போட்ட தார் றோட்டுதான் ஆனா ஊருக்குள்ள இறங்கினா கிரவல், குளக்கட்டு, மாரிக்கு சேறு எண்டு எல்லாம் வரும். லீவு நாள்ல பொடியங்களோட திரியாய் பக்கமும் பன்குளம் பக்கமும் உள்பாதையள்ல ஓடுவம், அதை விட ஏலாது. இப்ப வச்சிருக்கிற 150 சீசீ பைக்ல கல்லுப் பாதையில இறங்கினாலே அடி இடிக்குது, சைலன்சரும் நசிஞ்சு போச்சு.

பாத்து வச்சிருக்கிறது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, இல்லாட்டி பழைய யமஹா செரோ 250, இல்லாட்டி ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஜா. நான் 5 அடி 5 அங்குலம், மெல்லிய ஆள். பாஜாட அந்த ரெண்டு பெரிய லைட்டைக் கண்ட நாள்ல இருந்து மனசு அதுலதான் கிடக்கு, ஆனா வேலைக்கு நம்பிப் போகணுமே. எதை எடுக்கலாம்?

கிண்ணியா நானா:
தம்பி, தினமும் ஓடுறதுக்கு எண்டா எக்ஸ்பல்ஸ்தான், நானும் அதுதான் வச்சிருக்கன். முன்னுக்கு 21 அங்குலம், பின்னுக்கு 18 அங்குல ஸ்போக் ரிம், அடி உயரம், அதாவது நிலத்துக்கும் பைக்கின்ட அடிக்கும் இடையில, 220 மில்லிமீற்றர், கந்தளாய்ப் பக்கம் வாய்க்கால் றோட்டுல பள்ளம் பாக்காம விடலாம். சீட் உயரம் 825 மில்லிமீற்றர், உங்களுக்கு முன்பாதம் நிலத்துல படும். டாங்க் 13 லீற்றர், ஈச்சிலம்பற்று போய் வந்தாலும் பெற்றோல் யோசனை வராது. பிரேக் பேட், கிளச் கேபிள், செயின் செட் தேடி கொழும்புக்கு அலையத் தேவையில்ல, வேலைக்குப் போற ஆளுக்கு இதுதான் முக்கியம்.

பவர் பெருசா எதிர்பாக்காதீங்க, 19 குதிரை வலுவுக்கும் கொஞ்சம் குறைவு, ஹபரணை றோட்டுல பஸ்ஸை முந்தணும் எண்டா முதலே கியர் குறைச்சுத்தான் போகணும். மற்றது பாரம், கிட்டத்தட்ட 158 கிலோ. மணல்ல சாஞ்சா தனியாத் தூக்கிறது சீவன் போற வேலை.

செரோ திருமலை:
நானா கடைசியாச் சொன்ன பாரத்தைத்தான் நான் முதல்ல பாக்கச் சொல்லுவன். குதிரை வலு, சீசீ எண்டு எல்லாரும் அதைத்தான் கதைக்கிறாங்க, உள்பாதையில ஆளைக் களைக்க வைக்கிறது பாரம்தான். செரோ பெற்றோலோட சேத்தே 130 சொச்சம் கிலோ, அடி உயரம் 285. சீட் 830 எண்டாலும் பைக் ஒடுக்கம், இருந்த உடன சஸ்பென்ஷனும் கொஞ்சம் இறங்கிக் குடுக்கும், அதால கால் எட்டும். வெருகல் பக்கம் ஆத்து மணல்ல முன் சில்லு புதைஞ்சா முன் லைட்டுக்குக் கீழ பிடிச்சுத் தூக்க எண்டே ஒரு பைப் வச்சிருக்கிறான், அதைப் பிடிச்சு முன்பக்கத்தைத் தூக்கி அங்கால வச்சிட்டுப் போகலாம். பின் ரயர் ரியூப் இல்லாதது, முள்ளு ஏறினா பிளக் அடிச்சுப் போட்டு ஓடலாம்.

ஆனா டாங்க் 10 லீற்றரும் இல்ல. கியர் அஞ்சுதான், வேகம் 90க்கு மேல போனா என்ஜின் கத்தும். யமஹா செரோவை 2020ஓட நிப்பாட்டிட்டுது, இலங்கையில வாகன இறக்குமதியை மறிச்சதும் அந்த வருசம்தான். 2025ல திரும்பத் திறந்தாலும் புதுச் செரோ எண்டு ஒண்டு வராது, ஆகவே ஆர் வச்சிருந்தது எப்பிடி ஓடினது எண்டு பாத்து எடுங்க.

கராச் பாஸ்:
தம்பி பாஜா ஆசையை நான் குழப்பேல்ல, அந்த என்ஜினை ஒழுங்காப் பாத்தா நல்லா உழைக்கும். ஆனா சீட் மற்ற ரெண்டையும் விட நல்ல உயரம், குளக்கட்டுல ஒரு பக்கம் சரிவா இருக்கேக்க கால் ஊண்ட இடமில்லாமப் போயிரும். ஒயில் பாக்கிறதும் வேற மாதிரி, அதுல ஒயில் ஃபிரேமுக்குள்ளதான் நிக்கும், என்ஜின் ஆறிக் கிடக்கேக்க கீழ இறங்கிரும். சனம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாத்திட்டு ஒயில் இல்ல எண்டு இன்னும் ஊத்துறது, பிறகு ஏர் கிளீனர் பெட்டிக்குள்ள ஒயில் எண்டு இங்க கொண்டு வாறது. கொஞ்ச நேரம் ஸ்டார்ட்ல விட்டு, நிப்பாட்டின கையோட பாக்கணும்.

பழசு எது எடுத்தாலும் காசு குடுக்க முதல் ஹாண்டிலைத் திருப்பிப் போட்டு கழுத்துல அடிச்சிருக்கிற செசி நம்பரைத் துணியால துடைச்சு சிஆர் புத்தகத்தோட (வாகனப் பதிவுப் புத்தகம்) எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க, என்ஜின் நம்பரையும் அப்பிடித்தான். நம்பரைச் சுத்தி ராவின அடையாளமோ புதுப் பெயிண்டோ இருந்தா, விலை எவ்வளவு மலிவு எண்டாலும் எடுக்காம வந்திருங்க. புத்தகம் பிறகு தாறன் எண்டு சொன்னாலும் அப்பிடித்தான்.

உப்புவெளி ரைடர்:
பெரிய உதவி அண்ணமார். பாஜாவை விட்டிட்டன், சரிவுல கால் எட்டாது எண்டது காணும். வேலை நாள்தான் கூட எண்டதால எக்ஸ்பல்ஸ் பக்கம்தான் சாயுறன், ஆனா அந்த 158 கிலோவை மணல்ல எப்பிடிச் சமாளிக்கிறது நானா? ரயர் மாத்தணுமா?

கிண்ணியா நானா:
கம்பனி ரயர் தேயும் மட்டும் ஓடுங்க, அவசரப்பட்டு மாத்த வேணாம். மணலுக்கு இறங்க முதல் ரெண்டு ரயர்லயும் காத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்க, அதுக்குக் கீழ போனா ரிம்முக்குள்ள ரயர் வழுக்கி ரியூப் வால்வு பிஞ்சிரும். மணலுக்குள்ள சீட்டை விட்டு எழும்பி நிண்டு கொண்டு, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, திரொட்டிலை விடாமப் பிடிச்சா முன் சில்லு மிதந்து வரும், பயந்து திரொட்டிலை விட்டீங்க எண்டா அந்த இடத்திலயே புதையும். கார்பட்டுக்கு ஏற முதல் திரும்பக் காத்து அடிக்கணும், சின்னப் பம்ப் ஒண்டு பையில கிடக்கட்டும். கடக்கரைக்குப் போய் வந்த அண்டைக்கே நல்ல தண்ணியில கழுவுங்க, ஸ்போக் நிப்பிளுக்குள்ள உப்பு நிண்டா பிறகு ரிம் எடுக்க ஏலாது. செயினுக்கு பெற்றோல் போடாதீங்க.

பன்குளம் பக்கம் போனா வெயில் சாய முதல் மெயின் றோட்டுக்கு வந்திருங்க, குளத்துக்கு யானை இறங்குற நேரம் அது. எடுக்க முதல் ஒருக்கா ஓடிப் பாக்கணும் எண்டா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கிண்ணியாவுக்கு வாங்க தம்பி, என்ட பைக்கைத் தாறன், மணல்லயே ஓடிப் பாருங்க.