பியர் லீடர் பயிற்சி: கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நடுவழி எழுதியது:

ஆறு வருடமாகக் கல்லூரி மாணவர்களுக்குப் பியர் லீடர் பயிற்சி கொடுக்கிறேன், அதாவது சக மாணவர்களுக்குக் கைகொடுக்கிற மாணவர்களைத் தயார் செய்கிறேன். உடம்போ மனசோ சரியில்லை என்றால் ஒரு மாணவன் டாக்டரிடம் போவதற்கு முன்னால், வீட்டில் சொல்வதற்கு முன்னால், கூடப் படிக்கிற ஒருவனிடம்தான் சொல்கிறான். அந்த ஒருவனுக்கு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. திட்டம் அவ்வளவுதான். முதல் வருடம் நான் சறுக்கிய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் துறைத் தலைவர்களிடம் விட்டேன். வந்த பட்டியலில் எல்லாரும் தங்கமான பிள்ளைகள். முன் பெஞ்ச், நல்ல மதிப்பெண், மைக் கிடைத்தால் விட மாட்டார்கள். பத்து நாள் பாடம் நடத்தினேன். ரத்தசோகை, தூக்கம், போதை, பாலியல் நலம், முதலுதவி என்று ஸ்லைடு மேல் ஸ்லைடு. தேர்வும் வைத்தேன், எல்லாரும் பாஸ். செமஸ்டர் முடிவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உன்கிட்ட யாராவது வந்து பேசினாங்களா?" என்று கேட்டேன். 24 பேரில் 19 பேர் முழித்தார்கள்.

மறு வருடம் வகுப்புக்கு வகுப்பு வெற்றுத்தாள் கொடுத்தேன். ஒரே கேள்வி: "உனக்கு ஏதாவது சரியில்லை என்றால் இங்கே யாரிடம் முதலில் சொல்வாய்?" வந்த பெயர்களைப் பார்த்து ஆசிரியர்கள் சிரித்தார்கள். நான்கு பேப்பர் அரியர் வைத்திருக்கிற ஒரு பையன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண். இரவு இரண்டு மணிக்கும் அறையில் விளக்கு எரிகிறது என்று வார்டன் திட்டுகிற ஒருவன். விளக்கு ஏன் எரிந்தது என்று பிறகுதான் புரிந்தது, அங்கே யாராவது உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் புகைப்பழக்கத்தைத் தடுக்க நடந்த அசிஸ்ட் ஆய்வு இதே வழியில் போனது. 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. யார் பேச்சு எடுபடும் என்று மாணவர்களையே கேட்டு, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மேடை ஏறாமல் பேச்சுவாக்கில் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பயிற்சி நடந்த பள்ளிகளில் புகைப்பவர்கள் மற்றப் பள்ளிகளைவிடக் குறைவு.

இப்போது என் பயிற்சியில் ஸ்லைடு குறைவு, நடித்துப் பார்ப்பது அதிகம். முதல் நாள் முதல் வேலை: எதிரில் இருப்பவர் மூன்று நிமிடம் பேசுவார், நீ எந்த யோசனையும் சொல்லக் கூடாது. இதுவரை ஒரு பேட்ச்கூட முதல் முறையில் தேறியதில்லை. நாற்பதாவது நொடியில் "நீ ஒண்ணு பண்ணு..." என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான், என் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

உங்கள் அனுபவம் என்ன?

செவிலி அக்கா எழுதியது:

வளாக மருத்துவ அறையில் நர்ஸாக இருக்கிறேன். பியர் லீடர்களால் எனக்கு வந்த முதல் தலைவலியைச் சொல்கிறேன். ஒரு பையன், நல்ல மனசுக்காரன், தொண்டை வலி என்று வந்த நண்பனுக்குத் தன்னிடம் மீதியிருந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டான். அந்த நண்பனுக்கு பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி என்னிடம் வந்தான். ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்தான். மாத்திரை கொடுத்தவன் மூன்று நாள் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து அவர்கள் பெட்டியில் ஒரு மாத்திரைகூடக் கிடையாது. தெர்மாமீட்டர், பேண்டேஜ், ஓஆர்எஸ் பொட்டலம், நாப்கின், டார்ச், போன் நம்பர்கள் எழுதிய அட்டை, அவ்வளவுதான். "தலைவலி மாத்திரைகூடவா கூடாது சிஸ்டர்?" என்று ஒவ்வொரு பேட்ச்சும் கேட்கும். கூடாது.

ஆனால் பெருமையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதியில் ஒரு மாணவிக்கு வலிப்பு வந்தது. சுற்றி நின்றவர்கள் கையைக் காலைப் பிடித்து அமுக்க, ஒருத்தி வாயில் ஸ்பூனைத் திணிக்கப் போயிருக்கிறாள். எங்கள் பியர் லீடர் எல்லாரையும் விலக்கி, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு போன் செய்தாள். "வலிப்பு தொடங்கி மூணு நிமிஷம் ஆச்சு சிஸ்டர், இன்னும் நிக்கல." இந்த வேலைக்கு வந்ததிலிருந்து போனில் நான் கேட்ட மிக உருப்படியான வாக்கியம் அது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். அதற்குள் நின்றுவிட்டது, ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள். நான் போவதற்குள் என் வேலை பாதி முடிந்திருந்தது.

குடித்து மயங்கியவர்கள் விஷயத்தில்தான் இன்னும் பயம் இருக்கிறது. "தூங்கினால் சரியாகிவிடும்" என்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போனால் அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வை, கூட ஒருவர் இரு, எழுப்பி எழவில்லை என்றால் கூப்பிடு. இதெல்லாம் பையன்களுக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரும் என்ற பயம். உதவி கேட்டுக் கூப்பிட்டவர் மேலும் விழுந்து கிடப்பவர் மேலும் நடவடிக்கை இல்லை என்று நிர்வாகம் எழுத்தில் தந்த பிறகுதான் இரவில் என் போன் அடிக்க ஆரம்பித்தது. நீங்கள் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சில விஷயங்களுக்குக் கெடு உண்டு. எச்ஐவி தொற்றியிருக்குமோ என்ற பயம் வந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வெட்கப்பட்டுத் திங்கள்கிழமை வரை காத்திருக்க முடியாது. பியர் லீடர் மருத்துவம் படிக்க வேண்டாம், எதற்கு அவசரம், எதற்கு நாளைக்குப் போனால் போதும் என்று தெரிந்தால் போதும்.

அறை எண் 14 எழுதியது:

நான் பயிற்சி எடுத்தவள். படித்து முடித்து மூன்று வருடம் ஆகிறது. இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் மாடியில் ஒரு தோழி. திடீரென்று தன் பொருட்களை எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரு நல்ல பேனா, இன்னொருத்திக்கு ஸ்வெட்டர். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயிற்சியில் கேட்ட ஒரு வரி நினைவுக்கு வந்தது. அன்று இரவு அவள் அறைக்குப் போனேன்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அப்போது எனக்கு உள்ளூர பயம். அப்படி ஆகாது, கேட்பதே பலருக்கு ஆறுதல் என்று வகுப்பில் சொன்னதை நான் நம்பியிருக்கவில்லை. அந்த வார்த்தையை வாயில் கொண்டுவருவதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆனது. கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "இத்தனை நாள்ல நீதான் கேட்ட" என்றாள்.

விடிய விடியப் பேசினாள். நடுவில், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள். பயிற்சியில் இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்தோம். அப்போதெல்லாம் சிரிப்பாக இருந்தது. "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், மத்ததெல்லாம் என்னோட இருக்கும்" என்றேன். அவள் முகம் மாறியது. அவளைத் தனியாக விடாமல், அங்கேயே அவள் கண் முன்னால் கவுன்சிலருக்கு போன் போட்டேன். முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லாதே என்பதும் பயிற்சியில் வந்ததுதான். இரவு மூன்றரை மணி. மேடம் எடுத்தார், வந்தார்.

அவள் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அதற்கு எந்தப் பயிற்சியும் என்னைத் தயார் செய்யவில்லை. சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் எழுந்து போவாள். இப்போது நன்றாக இருக்கிறாள், சிகிச்சையும் வேலையுமாக ஓடுகிறது. போன மாதம் அவளே கூப்பிட்டாள்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த இரவுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்கூட எழுந்துபோய் அவள் கதவைப் பார்ப்பேன். மூன்று வாரம் கழித்துத்தான் மேடம், "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டார். பயிற்சி கொடுப்பவர்களே, அதை மூன்று வாரம் கழித்துக் கேட்காதீர்கள்.

இரண்டாம் ஆண்டு எழுதியது:

நான் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். எனக்கு சிகரெட் பழக்கம் உண்டு. வெற்றுத்தாளில் என் பெயர் வந்ததால் எடுத்திருக்கிறார்கள். நான் போய் யாருக்கு என்ன சொல்வது?

நடுவழி எழுதியது:

தம்பி, நீ யாருக்கும் எதையும் "சொல்ல" வேண்டாம். விட முயற்சி செய்து தோற்றவன் பேசினால் கேட்பார்கள். ஒரே நிபந்தனை, பழக்கத்தை மறைக்காதே, பெருமையும் பேசாதே.

ஒரு சின்ன சோதனை செய்து பார். எங்கள் பேட்ச்சில் பெயர் போடாமல் இரண்டு கேள்வி கேட்டோம். நீ போன வாரம் குடித்தாயா? வகுப்பில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்? இரண்டாவது கேள்விக்கு வந்த எண்கள் முதல் கேள்வியின் விடையைவிட எங்கேயோ உயரத்தில் இருந்தன. எல்லாரும் குடிக்கிறார்கள் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் குடிக்கிறார்கள். சக மாணவர்கள் குடியை எவ்வளவு ஏற்கிறார்கள் என்பதை அமெரிக்க மாணவர்கள் மிகையாக நினைப்பதைப் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் கண்டு 1986-இல் எழுதினார்கள். எங்கள் மாணவர்கள் தங்கள் தாளைத் தாங்களே எண்ணிப் பார்த்தபோது அறையில் ஏற்பட்ட அமைதியை என் எந்த ஸ்லைடும் உண்டாக்கியதில்லை.

அறை எண் 14, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் திட்டத்திலும் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. இனி இருக்கும்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பைச் சொல்கிறேன். நான் இருந்த ஒரு கல்லூரியில் கவுன்சிலர் வாரம் ஐந்து நாள் வந்துகொண்டிருந்தார். பியர் லீடர் திட்டம் தொடங்கி ஒரே வருடத்தில் அதை இரண்டு நாளாக்கினார்கள். "அதான் பசங்க பார்த்துக்கறாங்களே" என்றார்கள். சம்பளமில்லாத 19 வயதுப் பிள்ளை மேல் சம்பளம் வாங்கும் ஆளின் வேலையைச் சுமத்துவதற்குத் தலைமைப் பண்பு என்று பெயர் வைத்தால் நான் எப்படிக் கைதட்டுவது? அறை எண் 14 அந்த இரவு மூன்றரைக்கு போன் போட்டபோது மறுமுனையில் எடுக்க ஒருவர் இருந்தார். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1957-இல் ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ பரவியபோது அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மாணவர்களை இறக்கினார்கள். சக மாணவர்களிடம் தடுப்பூசி பற்றிப் பேசி, போட்டுக்கொள்ள வைப்பதுதான் அவர்கள் வேலை. ஊசியை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

அப்புறம் அந்தப் பதிவேடு. மாதம் எத்தனை பேரைச் சந்தித்தாய், பெயர், துறை, பிரச்சினை என்று கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் சான்றிதழ் இல்லை. விளைவு, பாதி கட்டுக்கதை. மீதிப் பாதி உண்மை, அது அதைவிட மோசம். அந்த நோட்டு ஒருநாள் அலுவலக மேசையில் திறந்து கிடந்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக எழுதியிருந்ததை யார் யார் படித்தார்களோ, அந்தப் பெண் அந்த செமஸ்டரோடு நின்றுவிட்டாள். நான் கணக்கு வாத்தியார், எண்ணிக்கைக்கு எதிரி இல்லை. தலைப்புக்கு ஒரு கோடு போடுங்கள், தூக்கம் நான்கு, காய்ச்சல் இரண்டு என்று. பெயர் எதற்கு?

செவிலி அக்கா எழுதியது:

சார் சொன்னதற்குக் கைதட்டுகிறேன். எங்கள் நோட்டிலும் பெயர்க் கட்டம் இருந்தது, நாளைக் காலை அதைக் கிழிக்கப் போகிறேன்.

நடுவழி எழுதியது:

வாத்தியார் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு சேர்க்கை மட்டும். கவுன்சிலர் இருந்தும் அவர் அறை வாசலில் யாரும் நிற்க மாட்டேன் என்கிறார்களே, அந்த இருபது அடியைக் கூடவே நடந்து கடக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. "போய்ப் பாரு" என்று சொன்னால் யாரும் போவதில்லை, "வா, நானும் வரேன், வெளியே உட்கார்ந்திருக்கேன்" என்றால் போகிறார்கள். எங்கள் பயிற்சியின் கடைசி நாளில் எல்லாரையும் நிஜமாகவே அந்த அறை வரை நடக்க வைக்கிறேன். உள்ளே போய், உட்கார்ந்து, மேடத்தோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். தான் போகாத வாசலுக்கு அடுத்தவனை எப்படிக் கூட்டிப் போவான்?

இந்த வருடத் தாள்களை நேற்றுத்தான் எண்ணி முடித்தோம். ஒரு மாணவியின் பெயர் மட்டும் 31 தாளில் வந்திருந்தது. கூப்பிட்டுப் பேசினேன். பியர் லீடர் பேட்ஜைப் பார்த்ததும், "இது வேண்டாம் சார்" என்றாள். "இதைக் குத்திக்கிட்டா என் ரூமுக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஏதோ பிரச்சினைன்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சிடும். பயிற்சிக்கு மட்டும் வரேன்."

பேட்ஜைத் திரும்ப டப்பாவில் போட்டேன். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறாள்.