மொழிபெயர்ப்பு ஒப்பந்தம் குறித்து ஆலோசனை தேவை

பெங்களூருத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். அல்சூரில் வசிக்கும் நான், பன்னிரண்டு ஆண்டுகளாக மருந்துக் குறிப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிலைமை மாறி, எனக்கு வேலை தரும் நிறுவனம் முதல் வரைவைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, திருத்தும் பணியை மட்டும் பாதி ஊதியத்துக்குத் தருகிறது. ‘வெறும் வயிற்றில்’ என்று வரவேண்டிய இடத்தில் அந்தக் கருவி எழுதியிருந்த ‘காலி வயிற்றின் மேல்’ என்பதைச் சென்ற வாரம் திருத்தினேன். நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும் தாள் அது. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து தங்கள் ஒப்பந்தத்தில் செயற்கை நுண்ணறிவு குறித்த பாதுகாப்பு பெற்றார்கள்; எனக்கோ சங்கம் இல்லை. அடுத்த வாரம் கையெழுத்திட வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்றில்லாமல் மணிக்கணக்கில் ஊதியம் பெற்றவர்களும், கருவியின் பிழைக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கியவர்களும் அந்த வாசகத்தைத் தயவுசெய்து பகிருங்கள்.