‘பத்து லட்சம் மணி நேரம்’ என்ற எண் எதைச் சொல்கிறது?

பராமரிப்பாளர்:
ஹார்ட் டிஸ்க் விவரத்தாளில் ‘பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம் 10 லட்சம் மணி நேரம்’ என்று அச்சிடுகிறார்கள். அதாவது 114 ஆண்டுகள். அத்தனை காலம் எவரும் காத்திருந்து சோதிக்கவில்லை; ஆயிரம் டிஸ்க்குகளை ஆயிரம் மணி நேரம் ஓடவிட்டு, ஒன்று மட்டும் பழுதானாலே இந்த எண் கிடைத்துவிடும். கொள்முதல் ஒப்பந்தத்தில் இதை நம்பகத்தன்மையின் அளவாக ஏற்கக் கூடாது.

நிகழ்தகவன்:
ஐயா, எண்ணில் பிழையில்லை. அதை ஒரு டிஸ்க்கின் ஆயுளாகப் படிப்பதில்தான் பிழை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்பதை 10 லட்சத்தால் வகுத்தால், ஆண்டுப் பழுது சுமார் 0.88 விழுக்காடு என்று வரும். ஆயிரம் டிஸ்க்குகள் ஓடும் இடத்தில் மாற்றுக்கு ஒன்பதை வாங்கி வைக்கத் திட்டமிட இது போதும். பழுது வீதம் வயதோடு மாறாத வரை, அடுக்குக்குறிப் பரவல் (exponential) என்னும் நிகழ்தகவுக் கணக்கு பொருந்தும். அதில் சராசரிக் காலத்தைக் கடந்தும் ஓடுபவை 37 விழுக்காடுதான்.

பராமரிப்பாளர்:
‘மாறாத வரை’ என்கிறீர்களே, என் மறுப்பே அதில்தான். சென்ற மாதம் ஒரு மோட்டாரைப் பிரித்தேன். பேரிங்கில் கிரீஸ் கறுத்து இறுகி, குண்டுகள் ஓடும் தடம் அம்மைத் தழும்புபோல் குழிவிழுந்திருந்தது. அது தேய்மானம், தேயும் பொருளுக்கு வயது உண்டு, அடுக்குக்குறிப் பரவலோ வயதை அறியாது. வயதையும் கணக்கில் கொள்ளும் வெய்புல் பரவலில் (Weibull), பழுது வீதம் வயதோடு எப்படி மாறும் என்பதைக் காட்டும் எண்ணான வடிவப் பண்பளவை 1ஐத் தாண்டினால், வயது ஏற ஏறப் பழுது வீதம் கூடும். பேரிங் துறையினர் சராசரியை விட்டுவிட்டு, 10 விழுக்காடு பழுதாகும் காலத்தையே ஆயுளாகக் குறிப்பதும் இதனால்தான்.

சோதனைமேடை:
மாதிரியின் அளவை இருவருமே பேசவில்லை. 22 பொருள்களைச் சோதித்து ஒன்றுகூடப் பழுதாகாவிட்டாலும், 90 விழுக்காட்டு நம்பிக்கை மட்டத்தில் 90 விழுக்காட்டு நம்பகத்தன்மையைத்தான் கோர முடியும், ஏனெனில் நம்பகத்தன்மை 0.9 என்றால் 22 பொருள்களும் பழுதின்றித் தப்பும் வாய்ப்பு, 0.9ஐ 22 முறை பெருக்கினால், 0.1க்குச் சற்றுக் கீழே வருகிறது. அதே நம்பிக்கை மட்டத்தில் 99 விழுக்காட்டு நம்பகத்தன்மைக்கு 230 பொருள்கள் வேண்டும். ஐந்தைச் சோதித்துவிட்டு 99 என்று எழுதும் அறிக்கைகளைக் கண்டால் வேதனையாக இருக்கிறது.

நிகழ்தகவன்:
ஏற்கிறேன். அப்படியானால் சராசரியோடு வடிவப் பண்பளவையையும் சோதித்த எண்ணிக்கையையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். சராசரியை நீக்கச் சொல்லாதீர்கள்.

பராமரிப்பாளர்:
கேட்கலாம். ஆனால் வடிவப் பண்பளவையைக் கணிக்கப் பல பழுதுகள் நடந்திருக்க வேண்டும். ஆயிரத்தில் நேர்ந்த அந்த ஒரே பழுதை வைத்து அதை எப்படிக் கணித்துத் தருவார்கள்?