போகிமான் கோல்ட் கார்ட்ரிட்ஜில் சேவ் நிற்கவில்லை, பேட்டரிதானா?

பிக்சல்_பித்தன்:
கேம் பாய் கலர் கைக் கன்சோலில் போகிமான் கோல்ட் கேம். ஆட்டம் ஒழுங்காக ஓடுகிறது, சேவும் ஆகிறது. ஆஃப் செய்து மறுபடி போட்டால் மெனுவில் 'கண்டினியூ' காணோம், 'நியூ கேம்' மட்டும்தான். பின்களைத் துடைத்தும் பயனில்லை. கோல்டை விடப் பழைய போகிமான் ரெட் இன்னும் சேவைத் தாங்குகிறதே, எப்படி?

ஈயக்கம்பி:
பேட்டரியேதான். பின்னில் அழுக்கு என்றால் ஆன் செய்ததுமே நிண்டெண்டோ பெயர் சிதைந்து அங்கேயே நின்றுவிடும். ரெட்டில் செல்லுக்கு ஒரே வேலை, சேவ் இருக்கும் எஸ்ரேம் என்ற நினைவகச் சிப்புக்கு மின்சாரம் தருவது. கோல்டில் அதோடு ஒரு கடிகாரமும் இரவு பகலாக ஓடுகிறது, அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் (அதன் திருகுக்கென்றே உள்ள ஸ்க்ரூடிரைவர் முனை) வேண்டும். செல்லில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கோல்டில் பெரும்பாலும் சிஆர்2025. இரண்டு பக்கமும் தகட்டுக் கால் வெல்டிங் செய்த செல்லாகவே வாங்குங்கள். வெறும் செல்லின் மேல் நேரடியாகச் சூடு வைத்தால் உள்ளே கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும்.

சால்டரிங் அயர்ன் 350 டிகிரி. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாக ஓட உதவும் பசை) புது ஈயமும் வைத்தால் சட்டென உருகும். மைனஸ் பக்கம் உருக நேரமாகும், காரணம் அந்தப் பேட் (கால் ஒட்டும் செம்புத் திட்டு) போர்டின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கிறது. அவசரப்பட்டுக் காலைப் பிடித்து இழுத்தால் பேட் உரிந்து வந்துவிடும். இந்த வேலையில் அதிகம் கெடுவது அங்கேதான். போர்டில் உள்ள பிளஸ், மைனஸ் குறி பார்த்துப் புதியதை வையுங்கள். மூடும் முன் மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்ட வேண்டும். ஈயம் வைக்காமல் வெறும் இன்சுலேஷன் டேப் ஒட்டிச் செல்லை நிற்க வைக்காதீர்கள், ஒரு தட்டு பட்டால் சேவ் போய்விடும்.

பழையஜாய்ஸ்டிக்:
சரியாகச் சொன்னார். ஒன்று சேர்க்கிறேன்: ரெட்டில் சேவ் உயிரோடு இருக்கும்போதே கார்ட்ரிட்ஜ் ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுங்கள், 32 கேபி ஃபைல்தான். செல்லைக் கழற்றிய நொடியே அந்தச் சேவ் போய்விடும். மாற்றியபின் அதே ஃபைலைத் திரும்ப ஏற்றலாம். திறக்கும்போது போர்டில் நிண்டெண்டோ பெயர் இல்லாமல், சிப்புக்குப் பதில் கறுப்புப் பசைக் குமிழ் இருந்தால் அது போலி.

நிழல்_சர்வர்:
இதைச் சரிசெய்வது வெறும் ஏக்கத்துக்காக இல்லை. கோல்ட் 2017-ல் நிண்டெண்டோவின் 3டிஎஸ் கன்சோலுக்கான ஆன்லைன் கடையில் டிஜிட்டலாக வந்தது. 2023 மார்ச்சில் நிண்டெண்டோ அந்தக் கடையில் விற்பனையை நிறுத்தியது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை யூபிசாஃப்ட் 2024 மார்ச் கடைசியில் நிறுத்தியபோது, காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களுக்கும் அது திறக்கவில்லை. தனியாக ஆடும் பகுதிக்குக்கூட சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். அந்த டிஸ்க்கில் ஈயம் வைக்க இடமே இல்லை. சர்வரை மூடும் முன் சர்வர் இல்லாமலே ஆட வைக்கும் ஆஃப்லைன் பேட்ச் கொடுக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிக்சல்_பித்தன்:
நன்றிங்க. சிஆர்2025-க்குப் பதில் சிஆர்2032 செல் போடலாமா?

ஈயக்கம்பி:
போடலாம். விட்டம் அதே 20 மி.மீ., தடிமன் மட்டும் 2.5-லிருந்து 3.2. மூடி அடங்கும், கொள்ளளவும் கூடுதல். கால்களைச் செல்லோடு ஒட்டி மடக்குங்கள்.