அச்சு மாற்றிய கதைகள்: பினாங்குத் தொழிற்சாலை அனுபவங்கள்

பிறைக்காரன்:
பிறையில், உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரங்கள் உள்ள தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் அச்சு (டை) மாற்றும் வேலை பார்த்தேன். தகடு வெட்டும் அச்சைக் கழற்றி அடுத்ததைப் பொருத்த 3 மணி நேரம் பிடிக்கும். அதுவரை பிரஸ் சும்மா நிற்கும். உண்மையைச் சொன்னால், பாதி நேரம் ஸ்பேனரைத் தேடுவதிலும் ஃபோர்க்லிஃப்டுக்குக் காத்திருப்பதிலுமே போகும்.

ஒரு நாள் கையில் ஸ்டாப்வாட்சுடன் ஜப்பானியப் பயிற்சியாளர் ஒருவர் வந்து நின்றார். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1969இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனதாம். ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் அதை ஒன்றரை மணி நேரமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தாராம். "3 நிமிடத்தில் நான் கையுறையே மாட்டியிருக்க மாட்டேன்" என்றேன்.

சூட்சுமம் எளிது. பிரஸ் ஓடும்போதே செய்யக்கூடியதை அப்போதே முடித்துவிட வேண்டும். அடுத்த அச்சைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பக்கத்தில் நிறுத்தினோம், போல்ட்டுகளை எண்ணி வைத்தோம். போல்ட் விஷயம்தான் என்னை அசத்தியது. 15 சுற்று சுற்றினாலும் இறுக்குவது கடைசிச் சுற்று மட்டும்தானே! துளையைப் பேரிக்காய் வடிவில் குடைந்தோம். அகன்ற பக்கத்தில் நட்டோடு நுழைத்து, குறுகிய பக்கம் நகர்த்தி ஒரு சுற்று இறுக்கினால் போதும். குட்டையான அச்சுகளுக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்து எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கினோம். உயரம் சரிபார்க்கும் வேலையே ஒழிந்தது.

ஆறு மாதத்தில் 25 நிமிடத்துக்கு வந்துவிட்டோம். 3 நிமிடம் எங்களுக்கு வாய்க்கவே இல்லை. ஓவர்டைம் காசு குறைந்ததில் வீட்டில் முணுமுணுப்பு வேறு.

லைன் அக்கா:
அண்ணே, நான் பாயான் லெப்பாஸில் திருகாணி முடுக்கியவள். ஒரு பெட்டிக்கு 6 திருகாணி. ஒன்று விடுபட்டால் ஏச்சு. ஐஸ் கட்டித் தட்டு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய், குழிக்கு 6 திருகாணி போட்டு வைத்தேன். குழியில் மிச்சமிருந்தால் பெட்டியில் குறைகிறது என்று பொருள். பிறகுதான் தெரிந்தது, அதே ஷிங்கோ 1961இல் சுவிட்சுக்கு 2 சுருள்வில் போட மறந்த தொழிலாளர்களுக்கு இப்படித்தான் சின்னத் தட்டு வைத்தாராம். முதலில் அதற்கு 'பாக்கா யோக்கே', அதாவது முட்டாள் தடுப்பு என்று பெயர். அதைக் கேட்டு ஒரு தொழிலாளிப் பெண் அழுதுவிட்டதால் 'போக்கா யோக்கே' என்று மாற்றினார்கள், தவறுத் தடுப்பு. அந்தப் பெயர் மாற்றம் எங்கள் சூப்பர்வைசர் காதுக்கு எட்டவில்லை போலும்.

பழைய பிரஸ்:
நம் ஆட்களும் லேசுப்பட்டவர்களா? பிரஸ்ஸில் கை மாட்டிக்கொள்ளக் கூடாதென்று இரு கைகளாலும் அழுத்தும் பொத்தான்கள் வைத்தார்கள். எங்கள் மாமா ஒரு பொத்தானில் ஆப்பு செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினார். பிறகு வந்த கட்டுப்பாட்டில் இரண்டையும் அரை வினாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஆப்பு பலிக்கவில்லை. மாமா இரண்டு வாரம் திட்டித் தீர்த்தார். பத்து விரலோடு ஓய்வு பெற்றார்.